மணி தட்டும்வரை

‘வாய்ப்புக் கிடைக்காத தொழில்முனைவோருக்குக் கைகொடுப்போம்’ என்ற பதாகைக்குக் கீழே நிற்கிறாள், செருப்புத் தைக்கிறவள். தொழிலைப் பற்றிப் பேச ஆளுக்கு ஐந்து நிமிடம். முடிந்ததும் நடுவர் அம்மா மேசை மேலிருக்கும் பித்தளை மணியைத் தட்டுவார். அவள் முன்னால் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு. வலது செருப்பின் அடி மட்டும் மூன்று விரல் தடிமன். ஒரு கால் குட்டையாகப் பிறந்த மகளுக்காக முதன்முதலில் தைத்தது. மகள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. கம்பெனிக்கு மகள் பெயரைத்தான் வைத்திருக்கிறாள். எதைப் பேசினாலும் திக்குகிற வாயில், வீட்டுக்குள் ஒருநாளும் திக்காத பெயர் அது. அந்தத் தைரியத்தில் வைத்தது. “எ... எங்க க... கம்பெனி பேரு...” என்றவள் பெயரின் முதல் எழுத்திலேயே நிற்கிறாள். உதடு ஒட்டிக்கொள்கிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. ஜன்னல் வெயில் செருப்பின் வார்மேல் மெல்ல ஏறுகிறது. யாரோ பேனாவை மூடுகிற சத்தம். “நான் சொல்லட்டுமாக்கா?” என்கிறான் பின்னால் நிற்கும் தம்பி. வேண்டாமென்று கையசைக்கிறாள். மறுபடியும் அதே எழுத்து. மறுபடியும். மணி அடிக்கிறது. “தப்பா நெனச்சுக்காதீங்கம்மா,” என்கிற நடுவரின் குரலில் நிஜமாகவே வருத்தம் இருக்கிறது. “நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.” அடுத்த ஆள் வந்து மைக்கைச் சரிசெய்கிறார். அவள் செருப்புகளைத் துணிப்பைக்குள் வைக்கிறாள். தடித்த செருப்பு உள்ளே போகாமல் பையின் வாயில் மாட்டிக்கொள்கிறது. அதன்மேல் குனிந்து, மகளின் பெயரைச் சொல்லி, “வாடி, வீட்டுக்குப் போலாம்” என்கிறாள். ஓர் எழுத்தும் திக்கவில்லை.