புரிஞ்சுது மேடம்

இல்லை, வேலை ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை! என்னைப் போலவே செய்த கணினி நகலே எல்லாப் பாடத்தையும் நடத்திவிடும் என்றால் எனக்கு அங்கே என்ன வேலை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இணையப் பயிற்சித் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. வேலை வீட்டிலிருந்தே. என் முகமும் குரலும் கொண்ட நகல் ஒரே நேரத்தில் நானூறு பேருக்குச் சொல்லிக்கொடுக்கும். வெள்ளோட்டத்துக்குக் கிடைத்தது, காற்றாலை இறக்கையைக் கழுவும் ட்ரோனை ஓட்டுகிற பாடம். அந்த நானூறு பேரில் என் அம்மாவும் ஒருத்தி. தேர்வில் தேறாவிட்டால் பணகுடிக் காற்றாலையில் அவளுக்கு வேலை இருக்காது.

“புரிஞ்சுதா?” என்று நகல் கேட்டது.

“புரிஞ்சுது மேடம்,” என்றாள் அம்மா. முகம் என்னுடையதுதான், ஆனாலும் பாடம் நடத்துகிறவள் அவளுக்கு வேறு ஆள், மேடம். உடனே அடுக்களையில் இருந்த என்னிடம் வந்தாள். “ஏட்டி கோமு, ஒண்ணும் புரியல. காத்து திரும்பினா ட்ரோன எந்தப் பக்கம் இறக்கணும்?”

“அதுகிட்டயே கேக்க வேண்டியதுதான?”

“அந்தப் பிள்ள மூச்சு விடாம நடத்துது. புரியலன்னு எப்படிட்டி சொல்ல?”

அன்றே நகலை மாற்றினேன். இப்போது அது பாதியில் நின்று, “இந்த இடம் எனக்கே முதல்ல குழப்பமாத்தான் இருந்துச்சு. உங்களுக்கு எங்க இடிக்குது?” என்று கேட்கும். மறுநாள் முந்நூறு பேர் “புரியல” என்றார்கள். கம்பெனி பதறியது. கடைசியில் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்களே என்று நான் துள்ளிக் குதித்தேன்.

நேற்றுத் தேர்வு முடிந்தது. அம்மா பாஸ்!

“அந்த மேடத்துக்கிட்ட சொல்லிருட்டி.”

“அந்த மேடமே நான்தாம்மா!”

இந்த வேலையில் எனக்கு இடம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. கையெழுத்துப் போட்டுவிடட்டுமா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?