யாருக்குப் போன் பண்ணணும்?

வகுப்புக்குள் நுழைந்தவரைப் பார்த்ததுமே இவோனெட்டிக்கு முகம் சுண்டிவிட்டது.

“வந்துட்டாரு பாரு, குப்பை இன்ஸ்பெக்டர்!” பக்கத்தில் இருந்த தோழி க்ளெய்டி முணுமுணுத்தாள்.

குரேபயாஷி. ஜப்பானின் ஹமமட்சு நகரில் அவர்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்கத் தலைவர். இவோனெட்டி போன்ற பிரேசில்காரர்களின் குப்பைப் பையைப் பிரித்து, “பிளாஸ்டிக் தனி, காகிதம் தனி” என்று எழுதி ஒட்டி, அவரவர் வாசலிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போகிற மனுஷர். போன மாதம் இவோனெட்டியின் மகள் பிறந்தநாள் விருந்துக்குப் போலீஸை வரவழைத்த புண்ணியவானும் அவர்தான். அந்தக் களேபரத்தில்தான் பக்கத்து வீட்டு அமாதேயுவுக்கு மாரடைப்பே வந்தது என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சு.

ஜப்பானியர்களுக்கு ஞாயிறுதோறும் தன் தாய்மொழியான போர்ச்சுகீசியத்தை இலவசமாகச் சொல்லிக்கொடுப்பவள் இவோனெட்டி. வந்தவரைப் போ என்று சொல்ல முடியுமா?

“உட்காருங்க. முதல்ல காலை வணக்கம் சொல்லக் கத்துக்கலாம்.”

“அதெல்லாம் வேண்டாம் டீச்சர்.” அவர் நோட்டைத் திறந்தார். “ ‘போன் பண்ணணுமா?’ ‘யாருக்குப் பண்ணணும்?’ ‘ஆம்புலன்ஸா, போலீஸா?’ இந்த மூணு போதும்.”

இவோனெட்டிக்குச் சுருக்கென்றது.

“ஓஹோ! இத்தனை நாள் உங்க பாஷையில மிரட்டினீங்க. இனிமே எங்க பாஷையிலேயே மிரட்டப் போறீங்களாக்கும்?”

க்ளெய்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குரேபயாஷிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் எழுந்து போகவில்லை.

“அன்னிக்கு அமாதேயுவோட சம்சாரம் ஜுல்மிரா வந்து என் கதவைத் தட்டினாங்க. அழறாங்க, கையைப் பிடிச்சு இழுக்கறாங்க, ஒரு வார்த்தை புரியலை. வீட்டுல எவனோ புகுந்துட்டான்னு நெனச்சுப் போலீஸுக்குப் போன் பண்ணிட்டேன். அப்புறம் மேல போய்ப் பார்த்தா, மனுஷன் நெஞ்சைப் பிடிச்சுட்டுக் கெடக்கார். ஆம்புலன்ஸைக் கூப்பிடறதுக்குள்ள பத்து நிமிஷம் வீணாப் போச்சு.”

“அப்போ… போலீஸ் எங்க வீட்டுக்கு வந்தது?”

“என் போனுக்கு வந்தவங்க, பாட்டுச் சத்தம் கேட்டு அவங்களா உங்க வீட்டுக்கு வந்தது. பிறந்தநாளுக்கு யாராவது புகார் பண்ணுவாங்களா? குப்பைன்னா பண்ணுவேன்!”

யாரும் சிரிக்கவில்லை.

“நல்லவேளை, பொழச்சுட்டார். வியாழக்கிழமை வீட்டுக்கு வர்றார். அதுக்குள்ள நான் இதைக் கத்துக்கணும். இன்னொரு தடவை அந்தம்மா முன்னால முழிச்சுட்டு நிக்கக் கூடாது.”

இவோனெட்டிக்கு மனசு இளகியது. ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை.

“ஜுல்மிரா அக்கா எதுக்கு மூணு மாடி இறங்கி உங்ககிட்ட ஓடி வரணும்? பக்கத்து வீட்லயே நாங்க முப்பது பேர் இருந்தோமே! எல்லாரும் அவங்க பாஷை பேசறவங்க!”

குரேபயாஷி தலையைக் குனிந்துகொண்டார்.

“முதல்ல உங்க கதவைத்தான் தட்டினாங்களாம் டீச்சர். பாட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்கலையாம்.”

இவோனெட்டிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அதை விடுங்க,” என்று அவசரமாக நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பினார் அவர். “ ‘பயப்படாதீங்க, நானும் கூட வர்றேன்’. இதை எப்படிச் சொல்றது?”