ஏறி இறங்கும் வட்டி

வீட்டுக் கடன் வாங்கும்போது ஜெசிந்தா மாறாத ஃபிக்ஸட் வட்டியே போதும் என்றாள். கணவன் அமல்ராஜ் கேட்கவில்லை. "ஃப்ளோட்டிங்ல வட்டி கம்மி ஜெசி. நம்ம உடம்பு நல்லாருக்க வரைக்கும் ஏறாதுல்லா?" என்றான். கையெழுத்துப் போட்ட அன்றே வங்கி அவன் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிவிட்டது. அன்று முதல் அவன் உடம்பைப் பார்த்து வட்டி ஏறியது, இறங்கியது. டாக்டரிடம் போனாலே ஏறும் என்று காய்ச்சலைக்கூட அவன் மறைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜெசிந்தா போனை எடுத்தாள்.

"ஆம்புலன்ஸ் வேண்டாம்... முதல்ல ஃபிக்ஸடுக்கு மாத்து. பெறவு மாத்த விடமாட்டான்."

வங்கியை அழைத்தாள். காத்திருக்கச் சொன்னது பதிவுசெய்த குரல். அமல்ராஜின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"வீடு போனா போகட்டும், நீங்க இருங்க" என்று அழைப்பைத் துண்டித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. வங்கியிலிருந்து மட்டும் செய்தி வந்துகொண்டே இருந்தது. வட்டி பதினொன்று. பதிமூன்று. பதினேழு. தவணையை எப்படிக் கட்டுவது என்று ஒருகணம் பயந்தாள். அவன் கையில் அந்தப் பட்டை இன்னும் இருப்பது அப்போதுதான் உறைத்தது. அதன்பின் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து வட்டி கால் சதவீதம் குறைந்தது. பிறகு இன்னொரு கால்.

டாக்டர் கதவைத் திறந்து வெளியே வருவதற்குள் ஜெசிந்தா வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.