கத்துடா, பெரியண்ணா!

"நாலு கோலு! அதுவும் பள்ளிக்கூடத்துப் பசங்ககிட்ட! வெட்கமா இல்லையாடா உங்களுக்கு?"

சகாயநாதன் போட்ட சத்தத்தில் மன்னார்புரம் கால்பந்துக் குழுவே தலையைக் குனிந்துகொண்டு நின்றது. அவன்தான் கேப்டன். ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகருடன் இறுதி ஆட்டம். அதற்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று பொடியன்களோடு ஆடிப் பார்த்ததில் இந்தக் கதி.

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. தோற்றால் மீசையை எடுத்துவிடுவதாக டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கே.கே. நகர் கேப்டனிடம் சவால் விட்டுத் தொலைத்திருந்தான். மாதா கோயிலில் அவனுக்குக் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. அடுத்த மாதம் கல்யாணம். "உங்க மூஞ்சியில மீசை ஒண்ணுதான் லட்சணமா இருக்கு" என்று மணப்பெண் லூர்துராணி நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிட்டாள். அந்த ஒன்றும் போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

"முன்னெல்லாம் நம்ம டிஃபென்ஸ்ல ஒரு ஈ நுழையாதேடா! இப்ப என்ன கேடு வந்துச்சு?"

கோல்கீப்பர் அற்புதசாமி தலையைச் சொறிந்தான். "பெரியண்ணன் இல்லைங்கண்ணே."

"யாரு பெரியண்ணன்?"

"நம்ம லெஃப்ட் பேக்."

சகாயநாதன் யோசித்துப் பார்த்தான். ஆமாம், அப்படி ஒருவன் இருந்தான். கிட்டே போனால் பருத்திக்கொட்டை வாசனை அடிக்கும். பந்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவன்போல, மைதானத்தை ஒட்டிய வீராயியின் கத்தரித் தோட்டத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பான். குழுவாக எடுத்த போட்டோவில்கூட அவன் பாதிதான் விழுந்திருந்தான்.

"அவன் பந்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லையேடா!"

"தொட மாட்டாண்ணே. ஆனா கத்துவான்ல? 'ஏய், அங்க போகாதே! இந்தப் பக்கம் திரும்பு! நில்லு, நில்லுங்கறேன்ல!' அவன் திரும்புன்னா நாங்க திரும்புவோம். நில்லுன்னா நிப்போம்."

பக்கத்தில் நின்ற தடுப்பாட்டக்காரன் நல்லதம்பியும் சேர்ந்துகொண்டான். "ஒரு தடவை 'காலை உள்ள வச்சே, தொலைச்சுப்புடுவேன்'னான் பாருங்க, பந்தோட வந்த எதிர் டீம்காரன் அப்படியே பந்தை விட்டுட்டு ஓடிட்டான்!"

சகாயநாதனுக்கு உறைத்தது. பந்தைப் பார்க்காமல் மைதானம் முழுவதையும் பார்த்தவன்! உத்தரவு போட்டு ஆட வைத்தவன்! அவனை வாட்டர் கேன் தூக்க வைத்தோமே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"அவனுக்கு என்ன ஆச்சு?"

"கால் கட்டைவிரல் நசுங்கிப் பெரிய கட்டா போட்டிருக்கான். கேட்டா, 'ஒரு மிதி வாங்கிட்டேன்'னு மட்டும் சொல்றான். வெட்கப்படுறான்."

"கே.கே. நகர்க்காரன் வேலைதான்! நமக்கே தெரியாத ஆளை அவன் கண்டுபிடிச்சு மிதிச்சிருக்கான் பாரு!" சகாயநாதன் பல்லைக் கடித்தான். "கால்தானே போச்சு? வாய் நல்லாத்தானே இருக்கு? சேரோட தூக்கிட்டு வந்துருங்கடா!"

ஞாயிற்றுக்கிழமை தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்கள். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் கழுத்தில் மாலையோடு பெரியண்ணன். ஊரே தன்னைத் திரும்பிப் பார்ப்பதில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கேப்டனே தன் கையால் சோடா உடைத்துக் கொடுத்தபோது, "எனக்கு எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று கூச்சத்தோடு வாங்கிக் குடித்தான்.

கே.கே. நகர்க்காரர்கள் கையோடு ஒரு சலூன்காரரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் வேப்ப மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்காமல் சகாயநாதனின் மூக்குக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. கே.கே. நகர்க்காரன் ஒருவன் பந்தோடு வந்தான். நல்லதம்பி உத்தரவுக்காக நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். பெரியண்ணன் அவனைப் பார்த்து அன்பாகச் சிரித்தான். பந்து கோலுக்குள் போனது.

"அடடா!" என்று உச்சுக்கொட்டினான் பெரியண்ணன்.

அடுத்த தடவை தடுப்பாட்டக்காரர்கள் எல்லோருமே அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் வாயில் வேர்க்கடலை இருந்தது. இரண்டாவது கோலும் விழுந்தது.

இடைவேளை விசில் ஊதியதும் சலூன்காரர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். அதைப் பார்த்த சகாயநாதன் வியர்க்க விறுவிறுக்க நாற்காலியை நோக்கி ஓடினான்.

"டேய், என் மானமே போகுதுடா! மாலை போட்டு உட்கார வச்சா கடலை தின்னுட்டு இருக்கியே? எப்பவும்போலக் கத்துடா, பெரியண்ணா!"

பெரியண்ணன் திருதிருவென்று விழித்தான்.

"யாரைப் பாத்துண்ணே கத்தறது? என் காலை மிதிச்ச நாள்லேருந்து மாட்டை வீட்டுலேயே கட்டிப் போட்டிருக்கேனே! அது இங்க வந்து மேஞ்சாத்தானே, வீராயி தோட்டத்துல பூந்துராம நான் கத்தணும்?"

சகாயநாதன் மீசையைத் தடவிக்கொண்டே ஒருமுறை வேப்ப மரத்தடியைப் பார்த்தான். பிறகு மைதானமே அதிரக் கத்தினான்.

"யாராவது ஓடிப் போய் அந்த மாட்டை அவுத்துட்டு வாங்கடா!"