அட்டைப் படம்

“படத்துக்கு ஒரு கூட்டம் வேணும் தலைவரே. நாளைக்குக் காலையில கிடைக்குமா?”

“கூட்டம்தானே மேடம்? சொல்லி விட்டா வந்து நிக்கப் போறாங்க.”

ஏரிச் சங்கத் தலைவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பயிற்சி நிலையத்திலிருந்து வந்திருந்த பெண், மேசைமேல் ஒரு புத்தகத்தின் மாதிரிப் பிரதியை வைத்திருந்தாள். ‘நம் ஏரி, நம் முடிவு.’ ஊர்மக்கள் கூடிப் பேசி, ஏரித் தண்ணீரைத் தாங்களே பங்கிட்டுக்கொள்வது எப்படி என்று சொல்லும் புத்தகம். உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது. அட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது.

“சுத்துவட்டாரத்துல எல்லா ஏரியும் வத்திக் கிடக்கு. உங்க ஏரி மட்டும் தளும்புது. அதான் உங்க ஊரையே அட்டையில போடலாம்னு.”

“எல்லாம் ஒத்துமைதான் மேடம்,” என்றார் தலைவர்.

அவர் இடுப்பில் மதகுச் சாவி தொங்கியது. தலைவரான நாளிலிருந்து அங்கேதான் தொங்குகிறது. மதகைத் திறந்தால் முதலில் நனைவது அவருடைய வயல். அது நனைந்ததும் பூட்டிவிடுவார். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததே இல்லை. ஏரி தளும்பியது அதனால்தான்.

அவர் மனைவி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“என்னங்க, கடைமடையில தங்கச்சி வயல்ல நாத்து கருகுதாம். ஒரே ஒரு நாள் திறந்து விட்டா...”

“மேடம் இருக்காங்கல்ல? அப்புறம் பேசு.”

அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. அவள் மேசையிலிருந்த பிரதியை எடுத்துப் புரட்டத் தொடங்கினாள்.

“படம் பார்க்கிறா,” என்று தலைவர் சிரித்தார்.

“இன்னொண்ணு தலைவரே. புத்தகத்துல என்ன சொல்லியிருக்கோமோ, அத்தனையும் படம் எடுக்கறப்ப இருக்கணும். இல்லேன்னா எங்க மேலதிகாரி பிடிச்சுக்குவார். முந்தின நாளே மைக்ல அறிவிக்கணும். பாதி வீட்டுக்கு மேல ஆள் வரணும். ஒருத்தர் எழுந்து கேள்வி கேக்கணும், மத்தவங்க கை தூக்கணும். வெளியாள் ஒருத்தர் சாட்சி, அப்பதான் எடுத்த முடிவு செல்லும். அது நானே இருக்கேன்.”

“ப்பூ, இவ்வளவுதானா? பாதி வீடென்ன, மொத்த ஊரையும் இழுத்துட்டு வர்றேன்.”

சொன்னபடியே செய்தார். அவர் தலைவரான பிறகு ஒருமுறைகூடக் கூடாத சங்கம், மறுநாள் காலை ஏரிக்கரையில் கூடியது. முந்தின நாள் மைக்கில் அவரே அறிவித்திருந்தார், தொண்டை கட்டும்வரை. வராதவனுக்குத் தண்ணீர் கிடையாது என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார். கடைமடைக்காரர்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் வந்தார்கள்.

இஸ்திரிச் சட்டையும் மை பூசிய மீசையுமாகத் தலைவர் நடுநாற்காலியில் உட்கார்ந்தார்.

“எல்லாரும் கை தூக்குங்க!” என்றாள் பயிற்சி நிலையத்துப் பெண், கேமராவைக் கண்ணில் வைத்தபடி.

தூக்கினார்கள்.

“ஐயோ, போலீஸ் துப்பாக்கிய நீட்டுன மாதிரி இருக்கு. கொஞ்சம் இயல்பா!”

“எங்களுக்குப் பழக்கமில்லை மேடம்,” என்றார் கடைமடையில் வயல் வைத்திருந்த தையல்காரர். “இதுக்கு முன்னாடி யாரும் எதுவும் கேட்டதில்லையே.”

“யோவ், ஊர்த்துணியெல்லாம் தைக்கிறியே, உன் வாயைத் தைக்க நூல் இல்லையா?” என்றார் தலைவர்.

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார்.

“யாராவது நிஜமாவே ஒரு கேள்வி கேளுங்க. அப்பதான் முகத்துல உயிர் வரும்,” என்றாள் பயிற்சி நிலையத்துப் பெண்.

தையல்காரர் எழப்பார்த்தார். தலைவர் கண்ணாலேயே அவரை உட்காரவைத்தார். யார் கேட்டால் வம்பில்லை என்று அவருக்குத் தெரியும். பெண்கள் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

“இந்தா, நீ எழுந்து ஏதாவது கேளு.”

“என்ன வேணும்னாலும் கேக்கலாமாங்க?”

“எதுவா இருந்தா என்ன, படத்துக்குத்தானே? சத்தமா மட்டும் கேளு.”

“தலைவரே, நீங்க அங்க பாக்காதீங்க, இங்க பாருங்க. தாடையைக் கொஞ்சம் தூக்குங்க. முதல்ல உங்க கைதான் எழும்பணும், உங்களைப் பார்த்துத்தான் மத்தவங்க தூக்கணும்.”

அவர் தாடையைத் தூக்கினார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். பக்கத்தில் மனைவியின் குரல் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரல் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. என்ன சொல்கிறது என்று கவனித்துத்தான் பழக்கமில்லை. குரல் நின்றதும் கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் எழுந்தன.

“பிரமாதம்!” என்றாள் பயிற்சி நிலையத்துப் பெண். “ஒரு முகத்துலகூட நடிப்பு இல்லை.”

“நம்ம ஊர்னா சும்மாவா?” தலைவர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். “சரி சரி, படம் முடிஞ்சுது. எல்லாரும் போய் வேலையைப் பாருங்க.”

யாரும் நகரவில்லை. தையல்காரர் மட்டும் முன்னால் வந்து கையை நீட்டினார்.

“குடுங்க தலைவரே.”

“என்னத்தய்யா?”

தையல்காரர் நீட்டிய கையை மடக்கவில்லை. பயிற்சி நிலையத்துப் பெண் கேமராவைக் கீழே இறக்கினாள்.

“புத்தகத்துல உள்ளபடி ஒண்ணும் குறையலையே தலைவரே,” என்றாள் தயங்கித் தயங்கி. “நீங்களே அறிவிச்சீங்க, நீங்களே கூட்டினீங்க. சாட்சிக்கு நானும் இருக்கேன்.”

தலைவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“அப்படி என்னத்தடி கேட்டே?”

“மதகுச் சாவி இனிமே கடைமடைக்காரங்ககிட்ட இருக்கட்டுமான்னு கேட்டேங்க,” என்றாள் அவள். “முதல்ல கை தூக்குனது நீங்கதான்.”