இடது இருக்கை

சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைப் பாட்டிலைச் சுற்றி மெதுவாக நகர்த்தினாள்.

பாட்டிலுக்குள் அவள் கணவனின் முகம். தேக்கில் செதுக்கியது, கட்டைவிரல் அளவு.

தண்ணீர் பாட்டில்கள் பிறக்கும்போது சிறியவை. சூடாக்கி, ஊதித்தான் பெரிதாக்குகிறார்கள். மறுபடி சூடு பட்டால் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும்.

திரும்பும் வழியில், உள்ளே எது இருந்தாலும் இறுகப் பற்றிக்கொள்ளும்.

நெற்றி வந்தது. மூக்கு வந்தது. புருவத்துத் தழும்புகூட வந்துவிட்டது.

பின்பக்கம் கீறி, கட்டையை உருவினாள்.

மிஞ்சியது கண்ணாடிபோல் ஒரு முகம். ஊதினால் பறக்கும்.

வண்டியில் முன்பு வைத்திருந்த ஓட்டுநர் பொம்மை கெட்டியானது. போன ஞாயிறு அதன் கனத்தில்தான் அவனுடைய ரிமோட் கார் கடைசி வளைவில் உருண்டது. கனம் மேலே இருந்தால் வளைவு வண்டியைத் தள்ளிவிடும்.

"ஆளே வேண்டாம் கண்ணு. வெறும் வண்டியா ஓடட்டும். இன்னொருக்கா கவுந்துச்சுன்னா இதையும் பரண்ல போட்டர்லாம்" என்றிருந்தான் அவன்.

இதையும்.

அவனுக்கு வலிப்பு வந்தபின் நிஜ ஸ்டியரிங்கைத் தொட மருத்துவர் விடவில்லை. கார் ராலிப் பந்தயங்களில் போட்ட ஹெல்மெட் இரண்டும் பரணில் கிடக்கின்றன. ஒன்று அவனுடையது. மற்றது, பக்கத்து இருக்கையில் அமர்ந்து, வரப்போகும் வளைவுகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தவளுடையது.

அவளுடையது.

வண்ணம் உள்பக்கம்தான் பூசவேண்டும். வெளியே பூசினால் உரசலில் உரிந்துவிடும். ஆகவே வழக்கமாகக் கடைசியில் வைப்பதை முதலில் வைக்கவேண்டும்.

முதலில், கண்ணில் மின்னும் வெள்ளைப் புள்ளி.

காய்ந்ததும் அதன்மேல் கருமணி. பிறகு வெண்விழி.

தோல் கடைசியில்.

பார்வை முதலில் பிறந்துவிடுகிறது. முகம் அதைத் தேடி வந்து சேர்கிறது.

ஞாயிறு. அடுக்ககத்தின் பின்னால், சுண்ணாம்புக் கோடு போட்ட சிமெண்டுத் தளத்தில் ரிமோட் கார் பந்தயம்.

அவன் குனிந்து வண்டியின் கண்ணாடி வழியே பார்த்தான். வலது இருக்கையில் அவனே இருந்தான்.

வெகுநேரம் பார்த்தான்.

இடது இருக்கை காலி.

"நீ எங்க?"

"எடை ஏறுமுங்க."

அவன் ரிமோட்டை எடுத்துக்கொண்டான்.

விசில்.

வெயிலில் வண்டி மிதப்பதுபோல் போயிற்று. சத்தம் பின்னால், தனியாக வந்தது. மற்ற வண்டிகளின் நிறங்கள் ஒன்றிலொன்று கரைந்தன.

கடைசி வளைவு.

அவன் விரல் வேக விசையை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. போன வாரமும் இப்படித்தான்.

அவள் அவனுக்கு இடதுபுறம் வந்து நின்றாள்.

"லெஃப்ட். போகப் போக இறுகும்."

விரல் தளர்ந்தது.

வண்டி திரும்பியது. இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தரையைவிட்டு எழுந்தன. அப்படியே நின்றன.

பிறகு, யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல், மெல்ல இறங்கின.