கீழே வைத்த கிண்ணம்

"அப்பா, வாயைத் திறந்துடாதீங்க! அவன் ஏதோ தெரியாம கிண்ணத்தைக் கீழ வெச்சிட்டான். நீங்க பாட்டுக்கு எதையாவது தூக்கிக் குடுத்து என் தலையில கல்லைப் போட்டுடாதீங்க!"

ஜாபிர் சிரித்த முகத்தோடுதான் அரபியில் இதைச் சொன்னான். எதிரே உட்கார்ந்திருந்த விருந்தாளியிடம் எரிச்சலைக் காட்ட முடியுமா? நல்லவேளை, டென்மார்க் அணியின் சிவப்புச் சட்டை போட்டிருந்த அந்தக் கறுத்த இளைஞன் காலையிலிருந்து ஆங்கிலம்தான் பேசுகிறான்.

கிழவர் கானிம் தாடியை நீவிக்கொண்டார். "தெரிஞ்சு வெச்சானோ தெரியாம வெச்சானோ, என் கூடாரத்துல வெச்சது வெச்சதுதான்டா."

அவர்கள் வழக்கத்தில், விருந்தாளி காப்பியைக் குடிக்காமல் கிண்ணத்தைக் கீழே வைத்தால் அவனுக்கு ஏதோ வேண்டும் என்று அர்த்தம். வீட்டுக்காரர் "குடி, தந்தேன்" என்று சொன்ன பிறகுதான் குடிப்பான். அப்படிச் சொல்லிவிட்டு எவனாவது பின்வாங்கினால், அந்தக் குலத்தில் அவனுக்கு ஸலாம் சொல்ல ஆள் இருக்காது.

"டென்மார்க்காரனுக்கு நம்ம வழக்கமெல்லாம் எப்படிப்பா தெரியும்? சூடா இருக்குன்னு ஆற வெச்சிருப்பான்."

"ஆறட்டும். பார்ப்போம்."

கால்பந்து உலகக் கோப்பை தொடங்கியதிலிருந்து ஜாபிர் எத்தனையோ ரசிகர்களைத் தன் வண்டியில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறான். கடைத்தெருவுக்கும் கோட்டைக்கும் கூட்டிப்போனால் போதும், படம் எடுத்துத் தள்ளுவார்கள். இவனோ மணல்மேட்டில் வண்டியை விட்டே இறங்கவில்லை. "ஒட்டக ஓட்டக் களத்துக்குப் போகலாம்" என்று மட்டும் சொன்னான்.

அங்கேயும் விசித்திரமாகத்தான் நடந்துகொண்டான். ஒட்டகங்களின் முதுகில் ஆளுக்குப் பதிலாக உட்கார்ந்து சாட்டை சுழற்றும் குட்டி இயந்திரங்களைப் பார்த்து எல்லோரும் கைகொட்டிச் சிரிப்பார்கள். இவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஓடும்போது அது கீழே விழுந்துட்டா?"

"விழுந்தா என்ன, இன்னொண்ணு வாங்கி வெச்சுக்குவோம்" என்று ஜாபிர் சிரித்தான். அவன் சிரிக்கவில்லை.

பிறகு லாயத்தில் நடந்ததுதான் ஜாபிரைக் கதிகலங்க வைத்தது. அவர்களுடைய பந்தய ஒட்டகம் வத்ஹா யாரையும் கிட்டே சேர்க்காது. போன வாரம்கூடப் பராமரிப்பாளனைத் தோளில் கடித்து வைத்தது. இவன் நாக்கால் ஏதோ சத்தம் எழுப்பினான். அது சமர்த்தாக முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது! ஒட்டகம் வாங்குகிற பெரும்புள்ளியாக இருப்பானோ?

"வத்ஹாவைக் கேட்டுட்டான்னா?" என்றான் அப்பாவிடம்.

"குடுத்துடுவேன்."

"வெள்ளிக்கிழமை இறுதி ஓட்டம்பா! தங்க வாள் பரிசை ஜெயிச்சுட்டு வந்தாத்தான் பொண்ணு தருவேன்னு மாமா சொல்லியிருக்காரு. என் கல்யாணமே அது கால்லதான் ஓடிக்கிட்டிருக்கு!"

"என் அப்பன் காலத்துலேர்ந்து இந்தக் கூடாரத்துல ஒரு கிண்ணமும் ஆறி அவலாப் போனதில்ல. உன் கல்யாணத்துக்காக அதை நான் கெடுக்கணுமாக்கும்?"

ஜாபிர் அவசரமாக ஆங்கிலத்துக்குத் தாவினான். "காப்பி பிடிக்கலையா சார்? டீ போடச் சொல்லவா? நாளைய ஆட்டத்துக்கு டிக்கெட் வேணுமா? எதுவானாலும் என்கிட்ட கேளுங்க."

"நான் எந்த ஆட்டமும் பார்க்கலை."

"ஒண்ணுகூடவா? பின்னே இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க?"

"ஆட்டம்னு சொன்னாத்தானே எல்லாரையும் நாட்டுக்குள்ளே விடுறாங்க."

ஜாபிர் திடுக்கிட்டான். இதென்ன பேச்சு? கிண்ணத்தில் ஆவி அடங்கிவிட்டது. விருந்தாளி இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குடி மகனே. நீ என்ன கேட்டாலும் தந்தேன். அல்லாஹ் சாட்சி."

ஜாபிர் கண்களை இறுக மூடிக்கொண்டான். போச்சு, வத்ஹா போச்சு!

விருந்தாளி ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தான். போதும் என்பதற்கு அடையாளமாகக் கிண்ணத்தை லேசாக ஆட்டி, கிழவரிடமே நீட்டினான். பிறகு பேசினான். ஆங்கிலத்தில் அல்ல, அரபியில். அதுவும் பட்டணத்து அரபி இல்லை, கிழவர் பேசுகிற அதே பாலைவனத்துப் பேச்சு.

"ஒட்டகத்தை நீங்களே வெச்சுக்குங்க பெரியவரே."

ஜாபிர் இவ்வளவு நேரம் அரபியில் பேசியது அத்தனையும் இவனுக்குப் புரிந்திருக்கிறது!

"நீ... நீ யாருடா?" கிழவரின் கையிலிருந்த கூஜா சாய்ந்து, காப்பி விரிப்பில் கொட்டியது. அதை அவர் கவனிக்கவே இல்லை. அப்பாவின் முகம் இப்படி வெளுத்து ஜாபிர் பார்த்ததே கிடையாது.

"இதே கூடாரத்துல உங்களுக்குக் காப்பி ஊத்தின பையன். இயந்திரம் வர்றதுக்கு முன்னாடி ஒட்டகத்து மேல கட்டி ஓட்ட, சூடான்லேர்ந்து ரெண்டு பசங்களை வாங்கிட்டு வந்தீங்களே, அதுல பெரியவன் நான். வார்த்தை குடுத்துட்டீங்க, எழுந்து வாங்க. கீழே விழுந்த என் தம்பியை எந்த மணல்ல புதைச்சீங்கன்னு காட்டுங்க."